மெட்ராஸில் பார்க்க என்ன இருக்கு என்பவர்களுக்கு

தளவாய்புரத்திலும் அதைச் சுற்றியுள்ள முகவூர், செட்டியார்பட்டி, சேத்தூர் பக்கங்களிலும் சென்னையைப் பற்றி ஒரு தீர்ப்பு நெடுநாளாக நிலைத்திருக்கிறது. "அது பொழைக்கப் போற ஊரு. பார்க்கிறதுக்கு அங்க என்னத்த இருக்கு?" நைட்டிகளைக் கட்டுக் கட்டாகப் பட்டணத்துக்கு அனுப்பும் வியாபாரி இதைச் சொல்கிறார். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவருடைய மகனும் இதையேதான் சொல்கிறான். வேலைக்குச் சேர்ந்து பல வருடம் ஆன பிறகும், கல்யாணமாகிப் பிள்ளைகள் அங்கேயே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் இந்தப் பேச்சு மாறுவதில்லை.

பேச்சுக்குத் தகுந்த மாதிரிதான் வாழ்க்கையும் நடக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு ஓட்டம். பஸ்ஸிலும் பொதிகை எக்ஸ்பிரஸிலும் இடம் கிடைக்காத வாரங்களில் ஞாயிறு மதியம் வரை தூக்கம், பிறகு ஒரு மால், ராத்திரி பிரியாணி. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தால் மெரினா, வண்டலூர், ரங்கநாதன் தெரு, மகாபலிபுரம். அத்தோடு சென்னை முடிந்துவிட்டது. அப்பா ஊருக்குத் திரும்பி வந்து, "ஒரே கூட்டம், ஒரே புழுக்கம்" என்று சொல்வார். தீர்ப்பு மறுபடியும் உறுதியாகிவிடும்.

இந்தத் தீர்ப்பு தவறு என்று மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். தவறு என்று சொல்லி விட்டுவிடவும் முடியாது, இதனால் விளையும் கேடு பெரிது. பார்க்காத ஊரை யாரும் காப்பாற்ற மாட்டார்கள். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துக்காரர்களும் சேர்ந்து நிரப்பியிருக்கும் ஒரு நகரத்தை, அவர்களில் பெரும்பாலோர் 'என் ஊர் இல்லை' என்று ஒதுக்கிவைத்தால் அந்த நகரத்தின் ஏரிக்கும் ஆற்றுக்கும் சதுப்புநிலத்துக்கும் கேட்பார் யார்?

முதலில் சொல்லப்படும் காரணம், சென்னைக்குப் பழமை கிடையாது என்பது. மதுரை போல, ஸ்ரீவில்லிபுத்தூர் போல அது பழைய ஊர் இல்லையாம், 1639-இல் வெள்ளைக்காரன் கட்டிய ஊராம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 22-ஆம் தேதி நகரத்தின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறவர்களும் இந்த எண்ணத்துக்குத்தான் துணைபோகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அன்று வாங்கியது கடலோரத்தில் ஒரு மணல் துண்டு. அதைச் சுற்றி இருந்த ஊர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. மயிலாப்பூர், திருவான்மியூர், திருவொற்றியூர் மூன்றும் தேவாரம் பாடப்பட்ட தலங்கள். திருவல்லிக்கேணியில் பல்லவ மன்னன் தந்திவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. பல்லாவரத்துக் குன்றில் மகேந்திரவர்மன் குடைவித்த குகை இன்றைக்கு ஒரு தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. பல்லவன் காலத்துக் கல்லும் பிற்காலத்து நம்பிக்கையும் ஒரே பாறையில் சேர்ந்திருக்கும் அந்த இடத்தை, விமான நிலையத்துக்குப் போகிற வழியில் நாம் எத்தனை முறை கடந்திருப்போம்!

அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30-ஆம் தேதி இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் செம்மண் சரளையில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் கற்கால வரலாறு எழுதப்படத் தொடங்கியது அந்தக் கல்லிலிருந்துதான். சில மாதங்களில் அவரும் வில்லியம் கிங்கும் சென்னைக்கு வடமேற்கே, கொசஸ்தலை ஆற்றங்கரையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள். சாந்தி பப்பு தலைமையிலான குழு அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்து ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவுப்படி, அங்கே கைக்கோடரி செய்தவர்கள் வாழ்ந்த காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன். 2018-இல் வந்த அடுத்த ஆய்வு, அதே இடத்தில் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அடுத்த கட்டக் கருவித் தொழில்நுட்பம் தொடங்கிவிட்டதைக் காட்டியது. உலகத்தின் ஆய்வாளர்கள் இந்தச் சிற்றூரின் பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

நம் விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் சங்கு வளையல் கிடைத்தது என்று செய்தி வந்தால் நமக்குப் பெருமை பொங்குகிறது. பொங்கத்தான் வேண்டும். கீழடிக்கு வேன் பிடித்துப் போகிறோம், நல்லது. அதே ஆர்வத்தோடு சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கி, பூண்டி பஸ்ஸைப் பிடித்தால் என்ன? ஏரிக்கரையில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் அல்லிக்குழிக் காட்டுக்குள் குடியம் குகைகள் இருக்கின்றன. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு காலையிலேயே நடக்க வேண்டும். முட்செடிகளுக்கு நடுவே கூழாங்கல் பாதையில் போய்ச் சேரும்போது, மழைக்கும் வெயிலுக்கும் ஆதிமனிதன் ஒதுங்கிய பாறைக்கூரை நம் தலைக்கு மேலே நீண்டிருக்கும். எந்த மாலிலும் கிடைக்காத அனுபவம் அது. நடக்க முடியாதவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஃபூட் சேகரித்த கருவிகளை 1904-இல் அந்த அருங்காட்சியகம் வாங்கியது. குவார்ட்சைட் கல்லை இரண்டு பக்கமும் தட்டித் தட்டி, ஒரு முனை கூராகவும் மறுமுனை உள்ளங்கையில் உட்காரும்படி திரண்டும் செய்திருக்கிறார்கள். அந்தத் தட்டின தடங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். பிள்ளைகளை அந்தக் கைக்கோடரிகளின் முன்னால் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததைக் கண்ணால் காண்பார்கள்.

எழும்பூர் அருங்காட்சியகம் தென்மாவட்டத்தாருக்கு இன்னொரு வகையிலும் சொந்தம். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ நூறு வருடத்துக்கு முன் தோண்டியெடுத்த பொருள்கள் அங்கேதான் இருக்கின்றன. நம் சீமையின் முதுமக்கள் புதைத்த வெண்கலமும் இரும்பும் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி வந்து அங்கே கண்ணாடிக்குள் இருக்க, அவற்றின் வாரிசுகளான நாம் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்துகொண்டு, 'இங்கே பார்க்க என்ன இருக்கு' என்று கேட்கிறோம்.

இரண்டாவது காரணத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள்: "கோயிலெல்லாம் நம்ம பக்கந்தான். அங்க போய் எதைக் கும்பிட?" அவர்களுக்கு நான் ஐந்து சபைகளை நினைவூட்டுவேன். நடராசர் ஆடிய சபைகளில் சித்திர சபை குற்றாலத்தில், தாமிர சபை திருநெல்வேலியில், வெள்ளியம்பலம் மதுரையில். மூன்றும் தளவாய்புரத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம். நான்காவது சிதம்பரம், அதற்கும் நம்மவர்கள் ஆருத்திராவுக்குப் போய்விடுகிறார்கள். ஐந்தாவதான ரத்தின சபை எங்கே? அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் திருவள்ளூரைத் தாண்டி வரும் திருவாலங்காட்டில். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து இறைவனின் ஆட்டத்தைக் கண்டதாகச் சொல்லப்படும் ஊர். இராசேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்த ஊர். அங்கிருந்து வந்த நடராசர் செப்புத்திருமேனிதான் எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைசிறந்த சொத்து. அந்த அருங்காட்சியகத்து நடராசர்களின் புகைப்படங்களைப் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோதான் வியந்து எழுதினார். ரயில் கட்டணம் கொடுத்துப் போய்வரக்கூடிய ஐந்தாவது சபையைப் பார்க்காமலே சென்னையில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்புகிறவர்கள் நம்மில் உண்டு.

ஆண்டாள் பக்தர்களுக்கு இன்னொன்று. அழகர்மலைப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்தாள் ஆண்டாள். அதைப் பின்னாளில் இராமானுசர் நிறைவேற்றினார் என்றும், அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது ஆண்டாள் அவரை அண்ணன் என்று அழைத்தாள் என்றும் வைணவ மரபு சொல்கிறது. அந்த அண்ணன் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் சென்னைக்கு வெளியே பெங்களூர் சாலையில் இருக்கிறது. கார் கம்பெனிக்கும் செல்போன் கம்பெனிக்கும் வேலைக்குப் போகும் நம் பையன்கள் தினமும் ஷிப்ட் பஸ்ஸில் அந்த ஊர்க் கோயிலைக் கடக்கிறார்கள். ஆடிப்பூரத்துக்குத் தேர் இழுக்க ஊருக்கு ஓடிவரும் பையன், ஒரு ஓய்வு நாளில் அங்கே இறங்கிப் பார்க்கலாம். அது நம் ஊரின் தொடர்ச்சிதான்.

மூன்றாவது காரணம் உறுதியானதாகத் தோன்றும். "அங்க மலை இருக்கா, அருவி இருக்கா? காலையில எந்திரிச்சா நமக்கு மேற்குத்தொடர்ச்சி மலை தெரியும். அங்க கட்டடந்தான் தெரியும்." உண்மைதான், சென்னையில் செண்பகத்தோப்பு கிடையாது. சாஸ்தா கோயில் ஓடையில் விழும் தண்ணீரும் கிடையாது. ஆனால் மலையும் அருவியும் இருந்தால்தான் இயற்கை என்பது என்ன கணக்கு? கடற்கரைச் சமவெளிக்கு அதற்கே உரிய செல்வங்கள் உண்டு: சதுப்புநிலம், உப்பங்கழி, ஏரி, முகத்துவாரம், ஆமை வரும் மணல். மலையைப் பார்க்கும் கண்ணோடு அவற்றைத் தேடினால் எதுவும் தெரியாதுதான்.

துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் இருநூறடிச் சாலையில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் தினமும் போகிறார்கள். சாலையின் இருபக்கமும் கிடக்கும் தண்ணீரும் கோரையும்தான் பள்ளிக்கரணை. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட, உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம். மார்கழி, தை மாதங்களில் விடிந்ததும் அங்கே ஓரமாக நின்று பாருங்கள். சிவந்த நீண்ட கால்களை எண்ணி எண்ணி வைப்பது போல் நெடுங்கால் உள்ளான்கள் ஆழமில்லாத தண்ணீரில் நடக்கும். கத்தரிப்பூ நிறத்தில் உடம்பும் சிவந்த அலகுமாக நீலத் தாழைக்கோழி கோரைத்தண்டை ஒரு காலால் பிடித்து ஒடித்துத் தின்னும். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டிருக்கும். வழுக்கும் நத்தை ஓட்டைக் கையாள அந்த அலகு எவ்வளவு தோதானது என்பது அது நத்தையைப் பிடித்துத் திருகும்போது புரியும். நல்ல வருடங்களில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். இதற்கு நுழைவுச்சீட்டு இல்லை. சாலை விளிம்பில் நிற்பது ஆபத்து என்பவர்களுக்கு வனத்துறை அமைத்த சூழலியல் பூங்கா இருக்கிறது.

கடலாமைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கடற்கரையில் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, பருவம் முழுக்க இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் மணலில் நடந்து, முட்டைகளைத் தேடியெடுத்துப் பொரிப்பகத்தில் பத்திரப்படுத்துகிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களும் அவர்களோடு நடக்கலாம். தாய் ஆமை குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல் இட்டு, மண்ணை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். சுமார் 45 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். வெளிச்சம் இருக்கும் பக்கம் கடல் என்று நம்பிப் போவது அவற்றின் இயல்பு. கடற்கரைச் சாலையின் விளக்குகள் அவற்றை ஊர்ப்பக்கம் இழுத்துவிடும். அதனால்தான் குஞ்சுகளை மனிதர்கள் கடல்வரை கொண்டுவிட வேண்டியிருக்கிறது. ஒரு தடவை அந்தக் குஞ்சுகள் அலையை நோக்கித் தவழ்வதைப் பார்த்த குழந்தை, பிறகு கடற்கரையில் பிளாஸ்டிக் பையைப் போடத் தயங்கும். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கரையில் செத்து ஒதுங்கின. அந்தச் செய்தி உங்களைத் தொட்டதா இல்லையா என்பது, நீங்கள் உயிருள்ள ஆமை ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது.

வேடந்தாங்கலைப் பலரும் அறிவார்கள். ஆனாலும் நம் மாவட்டத்துக்காரர்கள் அங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏரியின் பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை எதிர்த்து முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்கள் அந்தக் கிராமத்து விவசாயிகள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். அந்த ஊரில் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. சிவகாசிப் பட்டாசால் சோறு உண்ணும் மாவட்டத்திலிருந்து போகிற நாம், வந்து தங்கியிருக்கும் பறவைக்காக ஓர் ஊரே வெடியை விட்டுக்கொடுத்திருப்பதை மரியாதையோடு பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, ஓர் இடம் சொல் என்று கேட்டால் பழவேற்காடு என்று சொல்வேன். கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறுங்கள். முதலில் ராயபுரம் வரும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட நிலையம் இது. அன்றைய கட்டடம் இன்றும் நிற்கிறது. எண்ணூரைத் தாண்டும்போது கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம் தெரியும். பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடித்தால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை வாணிபத்துக்குத் தலைமையிடமாக வைத்திருந்த துறைமுகம். சென்னைக் கோட்டைக்கு மூத்தது. இப்போது கோட்டை மண்மேடாகப் புதர் மண்டிக் கிடக்கிறது. ஆனால் கல்லறைத்தோட்டம் இருக்கிறது. நுழைவாயிலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். உள்ளே பெரிய பெரிய கற்பலகைகளில் பெயரும் ஆண்டும் குடும்பச் சின்னமும் அவ்வளவு நுட்பமாக வெட்டப்பட்டிருக்கும். துணி வாங்க வந்து இந்த மண்ணிலேயே மடிந்தவர்களின் கல்லறைகள் அவை. சோழமண்டலத்துத் துணிக்காக ஐரோப்பா கப்பல் கட்டி வந்தது. நெசவையும் தையலையும் நம்பி வாழும் தளவாய்புரத்துக்காரருக்கு அந்தக் கற்களைப் பார்க்கும்போது தம் தொழிலின் பழைய உலகம் கண்ணில் படும்.

கல்லறைக்கு அப்பால் ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. மழைக்குப் பிறகு பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வரும். இறால், நண்டு, மடவை மீனை ஏலம் விடும் கரையும் உண்டு. பனையோலையில் பெட்டி முடையும் பெண்கள் இருக்கிறார்கள். நம் பக்கம் கருப்பட்டிக்கு முடையும் ஓலைக் கொட்டானும் அவர்கள் கைவேலையும் உறவுக்காரர்கள் என்று பார்த்ததும் தெரியும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: உயிர்காப்பு உடுப்பு இல்லாத படகில் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். கரையிலிருந்தே பார்க்க அங்கே வேண்டிய அளவு இருக்கிறது.

இனி நடைமுறைக் காரணங்களுக்கு வருகிறேன். "மெட்ராஸில் வாசலைத் தாண்டினாலே ஐந்நூறு ரூபாய்" என்கிறார்கள். மாலுக்குப் போனால் அப்படித்தான் ஆகும். மேலே சொன்ன இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சார ரயிலும் டவுன் பஸ்ஸும் போதும். மின்சார ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்கள் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. சாப்பாட்டுக்கு வழி நம் பாட்டிகளே காட்டியிருக்கிறார்கள். வண்டி கட்டிக்கொண்டு சாஸ்தா கோயிலுக்கும், தேவதானத்து நச்சாடை தவிர்த்த லிங்கேசுவரர் கோயிலுக்கும், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரிக்கும் போனவர்கள் ஓட்டலைத் தேடினார்களா? புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் கட்டிக்கொண்டு போனார்கள். வழியில் மரத்தடியில் பிரித்துச் சாப்பிட்டார்கள். காசில்லாமல் சந்தோஷமாக ஊர் சுற்றத் தெரிந்த மரபு நம்முடையது. தாம்பரம் தாண்டியதும் அதை மறந்தது நம் குற்றம், சென்னையின் குற்றம் இல்லை.

வெயிலைப் பற்றிச் சொல்கிறார்கள். சித்திரையில் ராஜபாளையம் குளுகுளு என்றா இருக்கிறது? கார்த்திகை முதல் மாசி வரை சென்னையின் காலைப்பொழுது நடப்பதற்கு ஏற்றது. ஆறு மணிக்குக் கிளம்பிப் பதினொன்றுக்குத் திரும்பினால் வெயிலைக் குறை சொல்ல வேண்டியிருக்காது. நேரமில்லை என்பதும் பாதி உண்மைதான். ஆறு நாள் உழைத்தவருக்கு ஓய்வு வேண்டும், மறுக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை போதும்.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதத்துக்கு மட்டும் நான் காதுகொடுக்கிறேன். "நீங்கள் இப்படி எழுதினால் எல்லோரும் அங்கே போய் அதையும் கெடுத்துவிடுவார்கள்" என்பது அது. ராஜபாளையத்து அய்யனார் அருவிக்கும் சதுரகிரிப் பாதைக்கும் நம் மக்கள் கொண்டுபோய்ச் சேர்த்த பிளாஸ்டிக்கைப் பார்த்தவர்கள் இந்தப் பயத்தை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் பள்ளிக்கரணையைக் கெடுத்தது யார்? பறவை பார்க்கப் போனவர்களா? இல்லை. பெருங்குடியில் நகரத்தின் குப்பையைப் பல்லாண்டு கொட்டியதும், சதுப்பை மேடாக்கி மனை போட்டதும்தான் கெடுத்தன. அப்போது அதை ஒரு பயனில்லாத பள்ளம் என்று எல்லோரும் நினைத்தார்கள், யாரும் போய்ப் பார்க்கவில்லை. எண்ணூரிலும் அதே கதைதான். பதினைந்து லட்சம் ஆண்டுக்கு முன் மனிதன் கரையில் உட்கார்ந்து கல்லைத் தட்டிய அதே கொசஸ்தலை ஆறு, கடலில் சேரும் இடத்தில் அனல்மின் நிலையச் சாம்பலைச் சுமக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அந்தக் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போயின. நகரத்தின் பெரும்பகுதிக்கு அந்தக் கழிமுகம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

பார்த்தவர்கள் இருந்த இடத்தில் நடந்தது வேறு. 2020-இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் பரப்பைக் குறைக்க ஒரு முன்மொழிவு வந்தது. அந்த ஏரியைச் சின்ன வயதில் கண்ட எத்தனையோ பேர் எதிர்த்து எழுதினார்கள், பேசினார்கள். முன்மொழிவு கைவிடப்பட்டது. நம் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாகி, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக உயர்ந்தது. அதைக் காப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரின் வேலை மட்டும் என்று மற்றவர்கள் ஒதுங்கியிருந்தால் நமக்குக் கோபம் வராதா? பழவேற்காட்டு மீனவர்கள் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து நிற்கும்போது, 'அது மெட்ராஸ்காரன் சமாச்சாரம்' என்று நாம் ஒதுங்குவதும் அதே பிழைதான். ஆகவே பயணிகள் வேண்டாம் என்பது மருந்தாகாது. கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவருகிற, பாட்டுப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வருகிற, கல்லில் பெயர் கிறுக்காத பயணிகள் வேண்டும்.

நம் தீர்ப்பின் வேர் எங்கே இருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நாம் சென்னையை ஒரு லாட்ஜ் அறையாக வைத்திருக்கிறோம். லாட்ஜில் தங்குபவன் சுவரில் விரிசல் விட்டாலும் கவலைப்பட மாட்டான். என்றைக்காவது காலிசெய்துவிட்டு ஊருக்குப் போய்விடுவோம் என்ற நினைப்பு நம்மை விட்டுப் போகவில்லை. அந்த நினைப்பில் பாசம் இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். தளவாய்புரத்தை மறக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பிறந்தது பெரும்பாக்கத்திலும் ஆவடியிலும் பல்லாவரத்திலும். தளவாய்புரம் அவர்களுக்குத் தாத்தா ஊர், கோடை விடுமுறை ஊர். அவர்களுடைய ஊர் சென்னைதான். அந்த ஊரில் ஒன்றுமே இல்லை என்று நாம் சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லி வளர்த்தால், அவர்கள் எந்த ஊரும் இல்லாதவர்களாக வளர்வார்கள். தாத்தா ஊர்மீது உரிமையும் இருக்காது, பிறந்த ஊர்மீது பற்றும் இருக்காது.

ஆகவே சென்னையில் இருக்கும் நம் ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஊருக்கு டிக்கெட் கிடைக்காத வாரத்தில், அலாரத்தை ஐந்தரைக்கு வையுங்கள். கட்டுச்சோறு கட்டுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கரணைக்கோ திருவாலங்காட்டுக்கோ பழவேற்காட்டுக்கோ போங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் அவர்களை இழுத்துக்கொண்டு அலையாதீர்கள், ஐந்தாவது சபையைக் காட்டுங்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: மகன் போன் பண்ணும்போது சம்பளம் வந்ததா, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, இந்த மாதம் எங்கே போய் வந்தாய் என்றும் கேளுங்கள். பிழைக்கப் போன ஊர் நமக்குச் சோறு போட்டிருக்கிறது. அந்த ஊரைக் கண்ணால் பார்த்து, அதற்கு ஒரு கேடு வரும்போது வாயைத் திறப்பது நாம் அதற்குச் செய்ய வேண்டிய கடமை.